வீட்டு ஆமைக்கு எது வீடு?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டுப் பழமொழி. கடன்பட்டவன் வீட்டுப் பொருள்களை ஜப்தி செய்யக் கோர்ட்டுக் கட்டளையோடு வருபவர் அமீனா. அவருக்குச் சமமாக ஆமையையும் அஞ்சினார்கள் நம் முன்னோர். ஆனால் காலம் எவ்வளவு விசித்திரமானது, பாருங்கள்! அதே ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று நம்பி, இரகசியமாகப் பணம் கொடுத்து வாங்கிவந்து வளர்ப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். முன்னோரின் அச்சத்திலும் சரி, இவர்களுடைய ஆசையிலும் சரி, ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. ஆமையால் வீடு என்ன ஆகும் என்றுதான் இருசாராரும் கேட்கிறார்களே ஒழிய, வீட்டால் ஆமை என்ன ஆகும் என்று கேட்பவர் இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் கழிந்தது. எருமையும் வெள்ளாடும் கோழியுமே என்னிடம் வந்த நோயாளிகள். எனினும், துணிப்பைக்குள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளும் மறைத்து, கண்ணில் கூச்சத்தோடு சிலர் கொண்டுவந்து காட்டிய பிராணிகளும் உண்டு. அவற்றில் முதலிடம் நட்சத்திர ஆமைக்கு. கட்டாமை என்றும் இதனைச் சொல்வர்.

கரிய ஓட்டின்மேல் சிறுசிறு மேடுகள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரிந்து இறங்கும். இந்த அழகே அதற்குப் பகை. ஆனால் ஆமைக்கு அது அலங்காரம் அன்று. காய்ந்த புல்லின் நடுவே வெயிலும் நிழலும் கோடு கோடாக விழும்போது, இரண்டடி தூரத்தில் இருக்கும் ஆமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வடமேற்கே குஜராத், இராஜஸ்தான் பகுதிகள், தெற்கே ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகியவற்றின் வறண்ட நிலங்கள், கடல் கடந்து இலங்கை எனப் பரந்தது இதன் உலகம். முட்புதரும் புல்லும் கலந்த மேய்ச்சல் தரிசு, மானாவாரிக் காட்டின் வரப்பு, கிளுவை வேலியின் அடிப்பகுதி போன்ற இடங்களே இதற்கு ஏற்றவை. கோடையின் உச்சியில் புதருக்கடியில் அடங்கிக் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் சுறுசுறுப்படைந்து புல், தழை, பூ, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றைத் தின்று திரியும். நீந்தத் தெரியாத, முழுக்க முழுக்கத் தரையிலேயே வாழும் பிராணி இது.

இத்தகைய பிராணியை நாம் என்ன செய்கிறோம்? ஆமை என்றாலே தண்ணீர் என்று எண்ணிக் கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி அதில் விடுகிறோம். பாவம், அது மூழ்கிச் சாகிறது. அப்படிச் சாகாதவற்றை வழவழப்பான தரையில் நடக்க விடுகிறோம். கால்கள் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துபோகின்றன. பாலும் சோறும் பிஸ்கட்டும் ஊட்டுகிறோம். ஓட்டின்மேல் வர்ணம் பூசுகிறோம். எங்கும் போய்விடாமல் கட்டிவைக்க ஓட்டில் துளையிட்டுக் கயிறு கோப்பவரும் உண்டு. ஓடு என்பது ஆமை உடுத்திய சட்டை அன்று. அதன் உடம்பே அதுதான். முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றிக் கிடக்கின்றன. அதில் இரத்தம் ஓடுகிறது, வலியும் தெரிகிறது. நம் நகத்தைக் கிள்ளுவதுபோல் என்று எண்ணித் துளையிடுபவர், உண்மையில் எலும்பைத் துளையிடுகிறார்.

இவ்வளவையும்விடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. அதை நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையாளருக்கு விளக்குவது எளிது. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் கிளிஞ்சல் குறைந்தால் என்ன ஆகிறது? தோல்முட்டை இடுகிறது, நாளடைவில் கோழியே கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. கிளிஞ்சல் மட்டும் போதுமா? போதாது. அந்தச் சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள ‘டி’ வைட்டமின் வேண்டும். கொட்டகைக்குள் அடைபட்ட கோழிக்கு அதைத் தீவனத்திலேயே கலந்து தருகிறோம். ஆமை அந்த வைட்டமினை வெயிலிலிருந்து தன் தோலிலேயே செய்துகொள்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரே அதற்கு மூலம். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தையும் விடும். ஆனால் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே, ‘சன்னலோரம் வெயிலில்தானே வைத்திருக்கிறோம்’ என்று சொல்லும் வீட்டிலும் ஆமையின் எலும்பு இளகிக்கொண்டே போகும். சுண்ணாம்புச் சத்து இல்லாத சோறும் பிஸ்கட்டும் அந்தக் கேட்டை விரைவுபடுத்தும்.

வெப்பத்தின் கணக்கும் பண்ணையாளர் அறிந்ததே. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர் என்றும், ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு என்றும் அவர் கண்டுகொள்வார். ஊர்வன இனத்துக்கு இந்தக் கணக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஏனெனில் தம் உடம்புச் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஓரிடத்தில் சூடும் ஓரிடத்தில் நிழலும் இருந்து, இரண்டுக்கும் இடையே அவை தம் விருப்பப்படி நகர வேண்டும். தொட்டியில் அடைபட்ட பிராணிக்கு நகர்ந்து செல்ல ஏது இடம்?

சில ஆண்டுகளுக்கு முன் இராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டியும் பேத்தியும் ஒரு நட்சத்திர ஆமையோடு வந்தார்கள். உறவினர் ஒருவர் எங்கோ சந்தையில் வாங்கி வந்து கொடுத்ததாம். நான்கு ஆண்டுகள் பால்சோறு ஊட்டி வளர்த்திருந்தார்கள். “ஏனுங்க டாக்டரய்யா, வீட்டுப் புள்ளையாட்டம் வளர்த்தேனுங்க. இப்போ நடக்கவே மாட்டேங்குதுங்க” என்றார் அந்த அம்மாள். கட்டைவிரலால் அடி ஓட்டை மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஊறிய தோல்போல் உள்ளே போயிற்று. அன்பில் குறைவில்லை, அந்த அன்புக்கு ஆமையைப் பற்றிய அறிவுதான் துணை இல்லை.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கிறது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தபோது, புலியும் யானையும் இடம்பெற்ற முதல் அட்டவணையிலேயே இந்தச் சிறு பிராணியும் சேர்க்கப்பட்டது. சர்வதேச வாணிகத்திலோ, 1975 முதல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்த இதன் விற்பனை 2019-இல் அடியோடு தடுக்கப்பட்டது. ஆமை புகுந்த வீட்டில் அமீனா புகாவிட்டாலும் வனத்துறை அதிகாரி புகுவார் என்பது இன்றைய நிலை. இவ்வளவு கடுமை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் உள்ள ஒரே ஒரு கள்ள வியாபார மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 55,000-க்குக் குறையாத நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பாட்டி வீட்டு ஆமை அத்தகைய வெள்ளத்தில் ஒரு துளி.

வனத்துறையினருக்கு நாங்களே தகவல் கொடுத்தோம். அவர்கள் வந்து பொறுப்பேற்றபின், அவர்கள் அனுமதியோடு சிகிச்சை தொடர்ந்தது. முதல் வேலை நீர் வறட்சியைப் போக்குவது. தாடை உயரத்துக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிற்க வைத்தால், ஆமை தானே நீர் அருந்தும், கழிவும் வெளியேறும். அடுத்தது மலப் பரிசோதனை, குடற்புழுவுக்கு மருந்து, சுண்ணாம்புச் சத்து. பின்பு காலை வெயில், அதன் பக்கத்திலேயே நிழல், காலுக்குப் பிடிமானம் தரும் மண் தரை. உணவை ஒரே நாளில் மாற்றக் கூடாது. சோற்று ருசி கண்ட பிராணி புல்லைத் திரும்பியும் பாராது. தழையை நறுக்கி, பழகிய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, வாரத்துக்கு வாரம் விகிதத்தை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஆமை தன் நோயை வெளியே காட்டாது, தராசுதான் காட்டும். ஐந்தாறு மாதங்களில் அடி ஓடு இறுகிற்று, ஆமை நடந்தது. ஆனால் கோணிய முதுகு நிமிரவில்லை. எலும்பு வளைந்தபடியே இறுகிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

அந்தச் சிறுமி ஒருநாள் கேட்டாள்: “இனிமே கொல்லிமலை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுடலாங்களா?” கூடாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ அதுக்கு ஜெயில்தானுங்களா?” என்றாள். நல்ல மனம் படைத்த பெரியவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கூண்டைத் திறந்துவிடுவதே கருணை என்பது நம் பரம்பரையில் ஊறிய எண்ணம். ஆனால் வீட்டில் வளர்ந்த பிராணியின் விஷயத்தில் திறந்துவிடுதல் வேறு, விடுதலை வேறு. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அது எந்த மண்ணைச் சேர்ந்தது என்பது. சிங்கப்பூரில் கைப்பற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நட்சத்திர ஆமைகளை ஐதராபாத் விஞ்ஞானிகள் மரபணு முறையில் ஆராய்ந்து, அவை தென்னிந்திய ஆமைகளோடு உறவுடையவை என்று 2006-இல் வெளியிட்டார்கள். ஆனால் தென்னிந்தியா என்பது எவ்வளவு பெரிய நிலப்பரப்பு! வடமேற்கு ஆமைக்கும் தெற்கத்தி ஆமைக்கும் உடல் அளவிலேயே வேறுபாடு உண்டு. ஒன்றை மற்றதன் நிலத்தில் விட்டால், பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தந்த நிலத்துக்கென அமைந்த இயல்புகள் கலங்கிப்போகும்.

இரண்டாவது, நோய். அமெரிக்காவின் மோஹாவி பாலைநிலத்தில் ஒருவகை ஆமை உண்டு. வீட்டில் வளர்த்துச் சலித்தவர்கள் தங்கள் ஆமைகளைப் பாலைநிலத்தில் விட்டார்கள். மூக்கில் சளி வடியும் ஒரு மூச்சுநோய் காட்டு ஆமைகளிடையே பரவியதற்கு இவ்வாறு விடப்பட்டவையும் காரணமாயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினர். 1990-இல் அந்த இனத்தை அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்தபோது, சொல்லப்பட்ட காரணங்களில் அந்த நோயும் ஒன்று. ஓர் ஆமைக்கு நாம் காட்டும் இரக்கம், அந்தக் காட்டிலுள்ள ஆமைகள் அத்தனைக்கும் எமனாக முடியலாம்.

மூன்றாவது, பழக்கம். புதிய இடத்தில் விடப்பட்ட ஆமை அங்கே தங்காது. திக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும். நம் சமவெளியில் அப்படி நடந்தால் அது போய்ச் சேருமிடம் ஒரு நெடுஞ்சாலையாகவே இருக்கும். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். விட வேண்டிய நிலத்திலேயே வேலியிட்டுச் சில மாதங்கள் வைத்திருந்து, அந்த மண்ணும் புதரும் பழகிய பிறகு வேலியை எடுத்துவிட்டால், ஆமைகள் பெரிதும் அங்கேயே தங்குகின்றன என்று அமெரிக்க ஆமைகளை வைத்து நடத்திய ஆய்வு 2005-இல் காட்டிற்று.

இம்முறையான மறுவாழ்வு நமக்கு வெகுதூரத்தில் இல்லை. உடுமலைக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கேரளத்தின் சின்னார் சரணாலயம் இருக்கிறது. நட்சத்திர ஆமை இயல்பாக வாழும் வறண்ட காடு அது. கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட ஆமைகளை நோய் பார்த்து, காட்டுணவுக்குப் பழக்கி, பின்னர் காட்டில் விடுவதற்கென்றே அங்கே ஒரு மையம் அமைக்கப்பட்டது. 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்த செய்தியையும் நேயர்கள் படித்திருக்கலாம். கடல் கடந்து வந்த அவையும் நேரே காட்டுக்குள் விடப்படவில்லை; தனித்து வைத்துக் கவனிக்கவே முதலில் எடுத்துச் செல்லப்பட்டன.

நம் மண்ணுக்குரிய ஆமைக்கே இவ்வளவு சிக்கல் என்றால், அயல்மண்ணிலிருந்து வரும் பிராணிக்கு என்ன சொல்வது! அண்மைக் காலத்தில் நகரத்து இளைஞரிடையே ஒரு புதிய மோகம் கிளம்பியிருக்கிறது. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வரும் பெட்டிகளில் பாம்பும் ஓணானும் ஆமையுமாகப் பிடிபடுவது 2020-க்குப் பிறகு அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. வளர்ப்புக்காக உலகெங்கும் விற்கப்படும் அத்தகைய பிராணிகளில் தாடி ஓணானும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்துக்கு உரியது. அஞ்சினாலோ சினந்தாலோ தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் கொள்வதால் இந்தப் பெயர். தன் நாட்டு உயிர்களை வாணிகத்துக்காக உயிரோடு வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. ஆகவே, வெளிநாட்டுச் சந்தையில் விற்பவை கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை என்றே கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகக் காட்டையே காணாத அந்த ஓணானுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

அதனை நம் முட்காட்டில் விட்டுவிடலாமா? கூடவே கூடாது. நம் வெயில் அதற்கு ஒத்துவராமல் போனால் அது செத்துப்போகும். ஒத்துவந்தாலோ, அபாயம் நம் மண்ணின் உயிர்களுக்கு. அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக்காக வந்த சிவப்புக்காது ஆமையை, வளர்த்தவர்கள் சலித்துக் குளங்களில் விட, கேரளத்து நீர்நிலைகளில் அது தலைகாட்டத் தொடங்கிய வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

ஆகையால் அயல்நாட்டுப் பிராணிக்கு மறுவாழ்வு என்றால் தகுந்த மற்றொரு பொறுப்பாளரிடம் சேர்ப்பதே. அதையும் கைமாற்றிக் கொடுக்கும் பண்டம்போல் செய்யலாகாது. சர்வதேச உடன்படிக்கையின் அட்டவணைகளில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துள்ளன. எந்தப் பிராணியாயினும் முதலில் வனத்துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. ஏற்பவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஏறத்தாழப் பத்தாண்டு வாழும் பிராணியை அத்தனை காலமும் காப்பாரா? ஒரு மூலையில் நாற்பது டிகிரி சூடும், மறு மூலையில் இருபத்தைந்தும் இருக்கும்படி கூண்டு அமைப்பாரா? புற ஊதா விளக்குக்கும் மின்சாரத்துக்கும் செலவிடுவாரா? ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு தருவாரா? இரண்டு ஆண்களை ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். புதிய இடத்துக்கு வந்ததும் சில நாள் உண்ணாமல் கிடக்கும். அப்போது தொட்டுத் தூக்கி விளையாடாமல், அமைதியாக விட்டுவைக்கும் பொறுமை அவரிடம் உண்டா? ஊர்வன எல்லாவற்றின் கழிவிலும் மனிதருக்கு வயிற்றுநோய் தரும் கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை நெருங்கவிடாமல் இருப்பதும் கட்டாயம்.

இனி, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் வீட்டிலேயே ஒரு நட்சத்திர ஆமை இருந்தால்? இரவோடிரவாக ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மற்றொருவருக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம், அதுவும் குற்றமே. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் விஷயத்தை உள்ளபடி சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். எங்கே, எப்போது வாங்கியது, என்ன ஊட்டியது, வேறு பிராணிகளோடு இருந்ததா என்பனவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சிறு தகவல்கள்தாம் அது காட்டுக்குப் போகலாமா, போகலாகாதா என்பதைத் தீர்மானிக்க உதவும். போகத் தகுதியற்றதாயின், திறந்த வெயிலும் மண்ணும் புல்லும் உள்ள அடைப்பில் தன் ஆயுளைக் கழிக்கும். அது ஜெயில் அன்று. நாம் கெடுத்த உடம்புக்கு நாம் செலுத்தும் ஈடு. இராசிபுரத்துச் சிறுமியிடமும் இதையே சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்து, “அங்கே புல் இருக்குமுங்களா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன்.

ஆமையைக் காண விரும்புவோர் அதனை வீட்டுக்குள் கொண்டுவரத் தேவையில்லை. சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்துக் குரும்பப்பட்டியில் உயிரியல் பூங்கா ஒன்று உண்டு. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, காட்டுயிர்களைத் தூரத்திலிருந்து பார்த்து மகிழும் பழக்கத்தை ஊட்டலாம். வேலியோரத்துப் புதரையெல்லாம் வெட்டிச் சுட்டு வெறுமையாக்காமல், ஓரிரு பாத்தி அளவேனும் அப்படியே விட்டுவைத்தால், அந்த நிழலில் ஒதுங்க எத்தனையோ சிற்றுயிர்கள் உண்டு. முதல் மழைக்குப் பின் ஒரு நட்சத்திர ஆமை சாலையைக் கடந்துகொண்டிருப்பதை எங்கேனும் காண்பீர்களாயின், வண்டியை நிறுத்துங்கள். மெல்ல இரு கையாலும் எடுத்து, அது எந்தப் பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புல்லிலேயே இறக்கிவிடுங்கள். வந்த பக்கத்தில் விட்டால் மறுபடியும் சாலைக்குத்தான் வரும். அது போகும் இடம் அதற்குத் தெரியும்.